முன்னாடி ஏதாவது இருந்ததா

ஒரு லிட்டர் உள்ளே போய்விட்டது, இன்னும் அரை லிட்டர் பாக்கி. சுகந்தி இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். வயிறு நிறையத் தண்ணீர் நின்றால்தான் ஸ்கேனில் கர்ப்பப்பை துலக்கமாகத் தெரியும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். முட்டிக்கொண்டு வரும்வரை குடிக்க வேண்டும், முட்டியதும் வந்து சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் முறை வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திருச்சி மாநகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறாள் சுகந்தி. தினமும் முப்பது நாற்பது பாட்டில் தெருக்குழாய்த் தண்ணீர் அவள் மேஜைக்கு வரும், நிறம், கலங்கல், உப்பு, குளோரின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுவாள். தண்ணீரை அவள் எப்போதும் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள். இப்போது அது அவளுக்குள்ளே மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏற வெளிச் சத்தமெல்லாம் குறைந்துகொண்டே வருவதுபோல் இருந்தது. டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. எதிர்ச் சுவரில் குழந்தைப் படங்கள் ஒட்டியிருந்தார்கள். பதினோரு குழந்தைகள், ஒன்றுகூட நம் ஊர் நிறத்தில் இல்லை. அத்தனையும் பூனைக்கண், பஞ்சு முடி. இவை யாருக்குப் பிறந்த குழந்தைகள், இங்கே இந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாகத் தண்ணீர் குடிக்கிற பெண்களைப் பார்த்து எதற்காகச் சிரிக்கின்றன என்று நினைத்தாள். நினைப்பு அங்கேயே நிற்காமல் நழுவி, அவள் நினைக்கக்கூடாது என்று வைத்திருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பக்கத்தில் அவள் கணவன் தாமோதரன் ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், பஸ்ஸில் அடுத்தவர் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டவன்போல. "முட்டுதா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல," என்றாள்.

இன்று முடிவு சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் ரெஜினா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பேசிக்கொண்டே ஒரு காகிதத்தில் பேனாவால் படம் போட்டார், நடுவில் தலைகீழாக ஒரு பேரிக்காய், அதன் இரண்டு தோளிலிருந்தும் வளைந்து இறங்கும் இரண்டு குழாய். "ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்தாச்சு. சாரோட ரிப்போர்ட் நல்லா இருக்கு. உங்களுக்கு முட்டை இருப்பு வயசுக்குக் கொஞ்சம் கம்மி. பயப்படற அளவுக்கு இல்ல. ஆனா ஆற அமர இருக்கவும் முடியாது. ஒண்ணு, மாத்திரை போட்டுட்டு மூணு நாலு மாசம் முட்டை வளருதான்னு ஸ்கேன்ல பாத்துக்கிட்டே முயற்சி பண்ணலாம். இல்லன்னா, மொதல்லயே இந்த ரெண்டு ட்யூபும் திறந்திருக்கான்னு பாத்துரலாம். மருந்த உள்ள விட்டு எக்ஸ்ரே எடுப்போம். ட்யூப் அடைச்சிருந்தா எத்தனை மாத்திரை போட்டும் பிரயோஜனம் இல்ல பாருங்க." பேனா ஒரு குழாயின் மேல் வந்து நின்றது. "எல்லாருக்கும் இதை உடனே பண்றதில்ல. சந்தேகப்படக் காரணம் இருந்தா உடனே பண்ணிருவோம். சின்ன வயசுல டி.பி., வயித்துல ஆபரேஷன், கர்ப்பப்பையில கிருமித் தொத்து, இல்ல முன்னாடி கரு தங்கிக் கலைஞ்சது, கலைச்சது... அந்த மாதிரி முன்னாடி ஏதாவது இருந்ததா?" சுகந்தி, "இல்ல டாக்டர்," என்றாள். தாமோதரன் அவசரமாகக் குறுக்கிட்டு, "அந்த ட்யூப் டெஸ்ட் வலிக்குங்களா டாக்டர்?" என்று கேட்டான். கொஞ்சம் வலிக்கும், ஒரு பத்து நிமிஷம் என்றார் டாக்டர். "அப்ப அது இப்போதைக்கு வேணாமே," என்றான் அவன், தன் வலியைத் தள்ளிப்போடுகிறவன்போல.

அந்த "இல்ல" எப்போது வாயிலிருந்து கிளம்பியது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. டாக்டர் கேட்டு முடிக்கவில்லை, "இருந்த" என்ற இடத்திலேயே அது வந்துவிட்டது. கதவருகே செருப்போடு தயாராக நின்றுகொண்டிருந்ததுபோல. மாநகராட்சி வார்டிலிருந்து சோதனைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர் பாட்டிலை வைக்கும்போதே, கேட்காமலே, "நல்ல தண்ணிதாம்மா" என்று சொன்னால் சுகந்தி அந்தப் பாட்டிலை மட்டும் இரண்டு தடவை பார்ப்பாள். டாக்டருக்கும் அப்படித் தோன்றியிருக்குமா? நிமிர்ந்து பார்த்தாரே, அது என்ன பார்வை? இல்லை, பேனா மூடியைத் தேடியிருப்பார். பேனா மூடி மேஜையின் அந்தப் பக்கம் கிடந்தது. ஆனால் பார்த்தது இந்தப் பக்கம்தான். ஒரு வாரமாக இந்தப் பார்வையை எடுத்து எடுத்துப் பார்த்து அதன் நிறமே போய்விட்டது. ரத்தத்தில் எல்லாம் பார்த்தாயிற்று, தைராய்டு, சர்க்கரை, முட்டை இருப்பு. ஆனால் ஒரு பரிசோதனை, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், இது அவளுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். குளோரினுக்கு உண்டான சொட்டை விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், அவ்வளவுதான். அதே தண்ணீரில் வேறு என்ன கரைந்து கிடந்தாலும் அந்தச் சொட்டு வாயைத் திறக்காது. எந்தச் சொட்டை விடுவது என்று முடிவு செய்கிறவருக்கு முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று உண்மை தெரிய வேண்டும். டாக்டருக்குத் தெரியாது. தாமோதரனுக்குத் தெரியாது. இந்த உலகத்தில் எந்த டெஸ்ட்டை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

தாமோதரன் எதையும் ஒளிக்கவில்லை, அதுதான் அவளை உறுத்துகிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டிங் வேலை அவனுக்கு, பதினாறு வருஷமாக நெருப்புக்கு முன்னால் நிற்கிறான். சாம்பிள் கொடுக்கச் சொன்ன அன்று ஆஸ்பத்திரியின் சின்ன அறையிலிருந்து வெளியே வந்தபோது அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலில் கொடுத்துவிட்டு, அங்கிருந்த பெண் பேரை உரக்கப் படித்ததும் ரேஷன் கடையில் கூப்பிட்டதுபோல "ஆமாங்க" என்றான். ரிசல்ட் வந்த அன்று அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் எடுத்துக் காட்டினான். "எல்லாம் சரியா இருக்காம்," என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "வெக்கையிலயே நிக்கிறோமே, அதனால நம்மகிட்டதான் கோளாறு இருக்கும்னு ரெண்டு வருஷமா பயந்துட்டே இருந்தேன் சுகந்தி. ஒன்கிட்ட சொல்லல. என்னால ஒனக்குக் கெட்ட பேரு வருதேன்னு..." அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. அவள் அப்போது அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அவன் தன் பயத்தை எடுத்து வைத்த அந்த நிமிஷத்தில் பக்கத்தில் தன்னுடையதையும் வைத்திருக்கலாம், இடம் இருந்தது. அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பால் பொங்கி வழிந்த கறை ஒன்று போகவே இல்லை.

"எத்தனாவது பாட்டிலு?" என்று இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், கையில் அதேபோல் தண்ணீர் பாட்டில், நெற்றியில் சமயபுரத்துக் குங்குமம். பேர் பொற்கொடி, முசிறிப் பக்கம் என்று தானாகவே சொன்னாள். ஏழு வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிறாளாம். "மொதல்ல மாத்திரை குடுத்தாங்க. அப்புறம் ஊசி. அப்புறம் வேற மாத்திரை. நாலு வருசம் போச்சு. இங்க வந்து ட்யூப பாத்தாங்க, ரெண்டும் அடப்பு. அட, இதை மொத மாசமே பாத்திருந்தா என்னங்கிறேன்? அந்த நாலு வருசத்தை யாரு கிட்டப் போய்க் கேக்க?" சிரித்தாள். சிரிப்பில் குறை ஒன்றும் தெரியவில்லை, சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு. "வலிக்குமாக்கா?" என்று சுகந்தி கேட்டாள். "பல்லக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சுரும். வலி என்னம்மா வலி. வரவேண்டியது வரலங்கிறதுதானே வலி." பிறகு கொஞ்சம் சாய்ந்து, ரகசியம்போல, "எதுவா இருந்தாலும் டாக்டரம்மாகிட்ட ஒளிக்காம சொல்லிரு. சொல்லாட்டியும் ஸ்கேன்ல எல்லாம் தெரிஞ்சுரும்," என்றாள். ஸ்கேனில் அப்படியெல்லாம் தெரியாது என்று சுகந்திக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது சுவரில் ஆணி அடித்த இடம்போல அங்கே இருக்காது. படித்தவள், வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கினவள். தெரிந்தும் அவள் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. மங்கலான திரையில் ஒரு முகம் தெரியும், டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டுவார், "இது யாரு?" என்று கேட்பார். பொற்கொடியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். "வரட்டாம்மா," என்று எழுந்தவள் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, நிறைகுடத்தை இடுப்பில் வைத்திருக்கிறவள்போல அலுங்காமல் நடந்து போனாள்.

இரண்டாவது பாட்டிலில் பாதி. அடிவயிற்றில் தண்ணீர் கனத்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் லேசாக இடித்துக்கொண்டது, டக், டக், டக். கண்ணை மூடினால் அது பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி ஆடுகிற சத்தம். தஞ்சாவூரிலிருந்து அந்த பஸ் கிளம்பியபோது காலை எட்டரை. அவளுக்கு இருபத்திரண்டு வயது, விடுதியில் தங்கி எம்.எஸ்சி. படித்தாள். கதிரேசன் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் தனியாக ஏறினாள். அவன் முகம் இப்போது சரியாக நினைவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம். சட்டைப்பையில் மை கசிந்த வட்டம் மட்டும் நினைவிருக்கிறது. அந்த வட்டத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு இவன் இருக்கும்போது எனக்கு என்ன என்று நினைத்த ஒரு மத்தியானமும் நினைவிருக்கிறது. அவன் பிறகு ஓசூரில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவன்மேல் கோபம்கூட எப்போதோ கரைந்துவிட்டது. இறங்கின ஊரின் பஸ் ஸ்டாண்டில், பழக்கடைக் கண்ணாடியில் பார்த்து வகிட்டில் குங்குமம் வைத்துக்கொண்டாள். அவசரத்தில் மூக்கின் மேல் கொஞ்சம் உதிர்ந்தது. அங்கே போய்ப் பார்த்த டாக்டர் வயதானவர், பருத்திப் புடவை, அதட்டவில்லை. வகிட்டையும் பார்த்தார், அவள் கண்ணையும் பார்த்தார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் முறையாக, சுத்தமாகத்தான் நடந்தது. சாயங்காலம் கிளம்பும்போது கையில் மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, "பத்து நாளும் போடணும். நல்லாயிட்டாப்ல இருந்தாலும் நிறுத்தக் கூடாது. இதுல மட்டும் அலட்சியமா இருக்காதே கண்ணு," என்றார். கண்ணு என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள்.

மூன்று நாள் போட்டாள். நாலாம் நாள் அறைத்தோழி அலமாரியில் தலைவலி மாத்திரை தேடினபோது அட்டை அவள் கையில் பட்டுவிட்டது. "இது எதுக்குடி?" என்றாள். "பல்லு வலிக்கு," என்றாள் சுகந்தி. அதுவும் அப்படித்தான், கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில். தோழி மருந்தின் பேரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள், அவ்வளவுதான். அன்று மத்தியானம் சுகந்தி மிச்சம் இருந்த ஏழு நாள் மாத்திரையையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் குளியலறைச் சாக்கடையில் போட்டாள். நீலமும் வெள்ளையுமான மாத்திரைகள், தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம். அடிவயிற்றில் யாரோ கட்டையை வைத்து அழுத்துவதுபோல் வலி. விடுதியில் டைபாய்டாக இருக்கும் என்றார்கள், கஞ்சி கொடுத்தார்கள், எட்டாம் நாள் எழுந்து பரிசோதனைச்சாலைக்குப் போனாள். கலைத்ததைப் பற்றி அவளுக்கு அழுகை உண்டு, வெட்கம் இல்லை. அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை, இன்றைக்கு யோசித்தாலும் தெரியவில்லை. ஆனால் அந்த மாத்திரைகள். எவ்வளவு மருந்து, எத்தனை நாள், பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று படித்தவள்தானே. அந்த ஒரு வாரக் காய்ச்சலில் அவளுக்குள் ஏதோ இரண்டு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது என்று ஐந்து வருஷமாக, ஒவ்வொரு மாசமும் தீட்டு வருகிற காலையில், குளியலறையில் நின்று நினைக்கிறாள். நினைத்துவிட்டு வெளியே வந்து, "இந்த மாசமும் இல்லீங்க," என்று சொல்கிறாள். "அதனாலென்ன," என்பான் தாமோதரன்.

சரி, மாத்திரை வழியையே எடுத்தால் என்ன. மூன்று நாலு மாசம். அவன் வேண்டாம் என்றதற்குத்தானே சரி என்கிறோம், பொய்யும் சொல்ல வேண்டாம், மெய்யும் சொல்ல வேண்டாம், ஒருவேளை குழாய் நன்றாகவே இருக்கலாம், ஒருவேளை இந்த மாசமே நிற்கலாம். நின்றால் எல்லாம் கழுவிப் போய்விடும். நிற்காவிட்டால் நாலு மாசம் போகும், முட்டை இருப்பு இன்னும் குறையும், அப்புறம் இன்னும் நாலு மாசம், பொற்கொடி அக்காவின் நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் அவன், "அதனாலென்ன," என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா. ட்யூப் டெஸ்ட் வேண்டும் என்று சும்மா சொன்னால் என்ன. எனக்குப் பயமில்லை, சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம் என்று சொன்னால் போதுமே, காரணம் எதற்கு. அடைத்திருக்கிறது என்று வந்தால்? ஏன் அடைத்தது என்று அவன் கேட்பான். அப்போதும் அந்த "இல்ல" செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவரும். அதற்குப் பிறகு ஒரு "இல்ல", அதைக் காப்பாற்ற இன்னொன்று. ஃபேன் இடித்தது, டக், டக். தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டது. கொஞ்சம் அசைந்தாலும் தளும்பும்போல் இருந்தது. வாய் திறந்தால்கூடத் தளும்பிவிடும், அதனால்தான் பேசாமல் இருக்கிறேன் என்று விளையாட்டாக நினைத்தாள். விளையாட்டில்லை, இது பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். "சுகந்தி," என்று தாமோதரன் அவள் முழங்கையைத் தொட்டான். "ஒன்னத்தான் கூப்பிடறாங்க."

உள்ளே அரை இருட்டு, குளிர். கணவர்கள் வெளியேதான் இருக்க வேண்டும். டாக்டர் ரெஜினாவே ஸ்கேன் பார்த்தார். கட்டிலில் படுத்ததும் அடிவயிற்றில் பசைபோல எதையோ பிழிந்தார், ஐஸாகச் சில்லிட்டது. கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ நகர்ந்தன, நடுவே கருப்பாக ஒரு குளம். "இதுதான் நீங்க குடிச்ச தண்ணி," என்றார் டாக்டர். அதன் கீழே மங்கலாக, படத்தில் போட்ட அதே பேரிக்காய். சுகந்தி அதைப் பார்த்தாள். முகம் ஒன்றும் இல்லை, யாரும் இல்லை, அவளுடைய உறுப்பு ஒன்று அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அதற்குப் பயந்துகொண்டிருந்தோமே என்று அதன்மேல் ஒரு பரிவு வந்தது. "கர்ப்பப்பை நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "டாக்டர்," என்றாள் சுகந்தி. தன் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் அவளுக்கே கேட்டது. "போன வாரம் ஒண்ணு கேட்டீங்க. நான் இல்லன்னு சொன்னேன். இருந்தது." கருவி நகர்வது நின்றது. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அது நல்லதாயிற்று. "எப்ப?" என்றார். சொன்னாள். "எத்தனை வாரம்? ஒன்பதா. அப்புறம் காய்ச்சல் வந்துதா?" சொன்னாள். மாத்திரையைச் சாக்கடையில் போட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. டாக்டர் கருவியை எடுத்து வைத்தார். பிறகு, "அந்த மாத்திரையாலதான்னு நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. எத்தனையோ பேருக்கு அதுக்கப்புறம் ஒண்ணுமே ஆகறதில்ல. பாத்தாத்தான் தெரியும். ட்யூப் டெஸ்ட்ட மொதல்ல வெச்சுக்கலாம். அடுத்த தீட்டு நின்ன கையோட, பத்தாம் நாளுக்குள்ள. காரணத்தை ஃபைல்ல எழுதணும்னு ஒண்ணும் இல்ல. சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்," என்றார். வயிற்றைத் துடைத்துக்கொள்ளப் பஞ்சை நீட்டினார். "மொதல்ல பாத்ரூம் போயிட்டு வாங்க. பாவம், எவ்வளவு நேரமா அடக்கிட்டு இருக்கீங்க."

போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தண்ணீரா, இவ்வளவு நேரமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அது தானாகத் தீரட்டும் என்று இருந்தாள். முடிந்தபோது உடம்பு காலியாகி, லேசாகி, எங்கேயாவது பிடித்துக்கொள்ளாவிட்டால் மிதந்துவிடும்போல் இருந்தது. முகம் கழுவினாள். டாக்டர் இதமான ஒரு வழியைக் கையில் கொடுத்திருக்கிறார், டெஸ்ட்டும் நடக்கும், பேச்சும் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு முன் நின்றாள். வெளியே வந்தால் தாமோதரன் ஃபைலோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான். "என்ன சொன்னாங்க?" "ட்யூப் டெஸ்ட்ட மொதல்ல பண்ணிரலாம்னாங்க." அவன் முகம் சுருங்கியது. "அதான் வேணாம்னு பேசினோமே. ஒனக்கு வலிக்கும். காரணம் இருந்தாத்தானே பண்ணணும்னாங்க, இப்ப என்ன காரணம்?" இதோ கேட்டுவிட்டான். வாசலில் செருப்பு சத்தம் கேட்டதுபோல் இருந்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். "அங்க வாங்க," என்று மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய், இரண்டாவது படியில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல், கைப்பிடியின் இரும்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாலு வாக்கியம்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக எவ்வளவோ பெரிதாக இருந்தது, சொல்லும்போது நாலே வாக்கியம்.

தாமோதரன் ஃபைலைப் படியில் வைத்தான். நடந்து போய் வராந்தாக் கோடியில் இருந்த ஜன்னலில் நின்றான். கீழே நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்க்கிறானா, என்ன பார்க்கிறான் என்று தெரியவில்லை. அவன் முதுகு மட்டும் தெரிந்தது, சட்டையின் தோளில் வெல்டிங் பொறி பட்டுக் கருகிய சின்னச் சின்னத் துளைகள். அவள் அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தள்ளுவண்டி போயிற்று. யாரோ ஒருத்தி போனில், "பூ வாங்கிட்டு வாங்க," என்று சொல்லிக்கொண்டே படியேறினாள். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. "காய்ச்சல் எத்தனை நாளு?" என்று கேட்டான். "ஏழு." "யாரு?" என்றான். கதிரேசனின் பேர் நாக்கு நுனிக்கு வந்தது. "யாரு பாத்துக்கிட்டா ஒன்ன, அந்த ஏழு நாளும்?" "யாரும் இல்ல. கஞ்சி குடுத்தாங்க, என்னன்னு யாருக்கும் தெரியாது." அவன் தலையை ஆட்டினான், எதற்கு ஆட்டுகிறான் என்று தெரியாதபடி. ஃபைலை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனான். அங்கே சிஸ்டரிடம் ஏதோ கேட்டான், சிஸ்டர் ஏதோ எழுதிக் கொடுத்தாள். "தீட்டு வந்த மொத நாளே போன் பண்ணணுமாம்," என்றான் திரும்பி வந்து. "டெஸ்ட் அன்னைக்குக் கூட ஒரு ஆளு வேணுமாம். நான் லீவு சொல்லிடறேன்." குரலில் எப்போதும் இருக்கிற வெதுவெதுப்பு இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பாலக்கரைப் பக்கம் ஒரு மெஸ்ஸில் வண்டியை நிறுத்தினான். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று அவனுக்கு நினைவிருந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள், இலை போட்டார்கள். அவன் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்திருந்த இலையைத் திரும்பத் துடைத்தான். "அஞ்சு வருஷம்," என்றான் இலையைப் பார்த்துக்கொண்டே. "என்னப் பாத்தா சொல்லக் கூடாத ஆளாவா தெரிஞ்சுது?" முதல் தடவையாக எந்தப் பதிலும் முந்திக்கொண்டு ஓடிவரவில்லை, யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க அப்படித் தெரியல. நான்தான் உங்களைக் கேட்டுப் பாக்கவே இல்ல," என்றாள். அவன் சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். அந்த ஆள் யார் என்று தாமோதரன் இன்னும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பானோ, ஒரு வருஷம் கழித்துக் கேட்பானோ, கேட்காமலே மனதுக்குள் வைத்துக்கொள்வானோ, அதைத் தெரிந்துகொள்ள எந்த டெஸ்ட்டும் கிடையாது. குழாய் திறந்திருக்கிறதா என்பதும் இன்னும் தெரியாது. பசித்தது. வெட்கமில்லாமல் பசித்தது. அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.

"எந்த ஊர்ல?" என்றான் தாமோதரன்.

"எது?"

"நீ தனியா போனேன்னியே. அது எந்த ஊரு?"

"புதுக்கோட்டை."

அவன் கை இலையில் அப்படியே நின்றது. அவனுடைய அக்கா வீடு காரைக்குடியில். பொங்கலுக்கு, திருவிழாவுக்கு, அக்கா மகள் சடங்குக்கு என்று இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை தடவை புதுக்கோட்டை வழியாக அந்த பஸ்ஸில் போய் வந்திருப்பார்கள் என்று அவளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

"புதுக்கோட்டை நெருங்கினதும் நீ கண்ண மூடிக்குவ," என்றான். "வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு நெனச்சேன். அதான் ஒவ்வொரு தடவையும் ஒன்ன ஜன்னல்லேருந்து இந்தப் பக்கம் மாத்தி உக்கார வெச்சேன்."

சுகந்தி அவனைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காற்று வாங்க அவனுக்குப் பிடிக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.